ஆறு தொட்டி, மூன்று மஞ்சள்

மதியம் ஒரு மணிக்கு மேல் பைசாந்து ஊரில் நாய்கூடக் குரைக்காது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம். விதைக்கடை இர்மா தெச்சேரா ஒன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிடுவார். அன்றைக்கு அந்தப் பாதிக் கதவுக்கடியில் குனிந்து உள்ளே வந்தாள் சுல்மா ஒலிவேரா.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போடும் வெள்ளை அங்கிகளில் பாதிக்கு மேல் தைப்பவள் சுல்மா. பிப்ரவரி மாதத்தில் அவள் தெருவில் தென்படுவதே அதிசயம். வந்தவள் ஒரு வெட்டுத்துணியில் மடித்து வைத்திருந்ததை மேசைமேல் பிரித்தாள். விரல் விரித்த மாதிரி ஒரு கஞ்சா இலை. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

"கடை மூடுற நேரம்னு தெரியும் இர்மாக்கா. சாயங்காலம் வரைக்கும் என்னால பொறுக்க முடியல. என் செடிக்கு யாரோ விஷம் வெச்சிருக்காங்க."

மூலையில் உரமூட்டைமேல் அரைத்தூக்கத்தில் இருந்த வாஷிங்டன் பிரியோசோ, விஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்துக்கொண்டார். முப்பது வருஷம் தலைநகருக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே இந்த மூட்டையில் வந்து உட்கார்ந்தவர்தான், இர்மா எத்தனை விரட்டியும் போகவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன்தானே?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சுல்மா திகைத்தாள்.

"எப்பவும் பக்கத்து வீட்டுக்காரன்தான்."

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க," என்றார் இர்மா. அவர் குரல் எப்போதும் ஒரே சுருதிதான். இருபத்தாறு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர், மண்ணிடம் யாரும் கத்திப் பேசுவதில்லை. "உக்காரு சுல்மா. மொதல்ல செடியப் பத்திச் சொல்லு. விஷத்துக்கு அப்புறம் வருவோம்."

சுல்மா சொன்னாள். மொட்டைமாடியில் ஆறு தொட்டி, ஆறு செடி, எல்லாமே முறைப்படி பதிவு செய்தவை, அந்த நாட்டில் வீட்டுக்கு ஆறு செடி வரை சட்டம் அனுமதிக்கிறது. ஒரே தாய்ச்செடியில் வெட்டி நட்ட குச்சிகள். மண்ணும் ஒரே நாளில் கலந்தது. தம்பி ஹெபெருக்கு முப்பத்தொரு வயது, சின்ன வயதிலிருந்தே வலிப்பு. டாக்டருக்குத் தெரிந்துதான், மாத்திரையோடு சேர்த்து இந்தப் பூவில் எடுத்த எண்ணெயையும் கொடுக்கிறாள். வாரத்துக்கு ஒன்றாக வந்த வலிப்பு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. பாட்டிலில் இருப்பது மே கடைசி வரை வரும். ஏப்ரலில் பூ அறுத்தால்தான் அடுத்த பாட்டில்.

"மூணு வாரமா மஞ்சள். ஆறுல மூணு. அதுவும் நல்லா வளந்த மூணு. இது போச்சுன்னா வர்ற வருஷம் வரைக்கும் அவனுக்கு ஒண்ணுமில்ல. பழையபடி தரையில கிடப்பான், நான் தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யார் மேல சந்தேகம்?"

"தாரியோ லாரோசா. பக்கத்து மாடி, நடுவுல இடுப்பளவு சுவர்தான். வாசனை வருதுன்னு முன்னாடியே ஒரு தடவை முனகினாரு. இந்தத் திங்கட்கிழமை காலையில நான் மேல போறேன், என் தொட்டிகிட்ட குனிஞ்சு நிக்கிறாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டா, சும்மா பாத்தேங்கறாரு. மூஞ்சியில ஈயாடல. ஞாயித்துக்கிழமை தவறாம எங்க மாடியில கறி சுட்டுச் சாப்பிடற மனுஷன், அக்கா. புகார் எழுதி வெச்சிட்டேன். நாளைக்குக் காலையில போலீஸ்ல குடுக்கப் போறேன்."

இர்மா இலையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உச்சியில கிள்ளினதா, அடியில கிள்ளினதா?"

"உச்சியில. மஞ்சளே அங்கதான். அடி இலையெல்லாம் நல்ல பச்சை."

இர்மா எழுந்து பையை எடுத்தார். இந்த நேரத்தில் அவர் தூக்கத்தை விட்டுக் கிளம்பினால் விஷயம் பெரிதுதான் என்று வாஷிங்டன் முடிவு கட்டி, தொப்பியைத் தேடினார்.

சுல்மா வீட்டு வாசலிலேயே ஹெபெர் நின்றிருந்தான். மெலிந்த உடம்பு, பெரிய கை, அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயம். அவன் பேச வாயெடுக்குமுன் சுல்மா, "மூணு வருஷம் முன்ன அடுப்பு மூட்டும்போது வலிப்பு வந்துடுச்சு, தணல் மேலயே விழுந்துட்டான். அதுக்கப்புறம் நெருப்புகிட்ட விடறதே இல்ல. மாடிக்குப் போனாலும் யாராவது கூட இருக்கணும்," என்றாள். ஹெபெர் வாயை மூடிக்கொண்டான்.

நால்வரும் மாடி ஏறினார்கள். ஹெபெர் சுரைக்குடுக்கையில், அந்த ஊரில் தேநீருக்குப் பதிலாக உறிஞ்சும் மாத்தே இலையைக் கொட்டி வெந்நீர் விட்டு முதலில் இர்மாவிடம் நீட்டினான். இர்மா உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது வாஷிங்டனுக்கு வந்தது. ஒரு உறிஞ்சிலேயே அவர் முகம் கோணியது.

"என்னப்பா இது, ஆரஞ்சுத் தோலா? நல்ல இலையக் கெடுத்து வெச்சிருக்க."

"எனக்கு அப்படித்தான் பிடிக்கும். காய வெச்சுப் போடறேன்," என்றான் ஹெபெர்.

"அக்காவும் இதையா குடிக்கறா?"

"ஐயே, நான் வெறும் கசப்புதான்," என்றாள் சுல்மா. "ஆளுக்கொரு குடுக்கை. எங்க வீட்டுல இதுக்கு மட்டும் சமாதானமே கிடையாது."

மாடியின் ஒரு மூலையில் செங்கல் அடுப்பு. விறகு எரித்துத் தணல் இழுத்து இறைச்சி சுடுகிற அடுப்பு. துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. தாரியோவின் சுவரை ஒட்டி மூன்று தொட்டி, படிக்கட்டுப் பக்கம் மூன்று தொட்டி. சுவரோரத்துச் செடிகள் கரும்பச்சை. படிக்கட்டுப் பக்கத்தவை மற்றதைவிட ஒரு முழம் உயரம், ஆனால் உச்சியெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"சுவர் தாண்டி விஷம் ஊத்தறவன் சுவரோரத்துல ஊத்தாம, இவ்வளவு தூரம் நடந்து வந்து ஊத்துவானா?" என்றார் இர்மா.

"அதுதான் சூழ்ச்சி," என்றார் வாஷிங்டன். "நம்மள மாதிரி ஆளுங்க இப்படி யோசிப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும்."

"அவ்வளவு தெரிஞ்சவன் இங்க கறி சுட்டுக்கிட்டிருக்க மாட்டான், மந்திரியாயிருப்பான்."

இர்மா மண்டியிட்டார். ஆறு தொட்டியிலும் மேல்மண்ணில் பழைய மாத்தே சக்கை பரவிக் கிடந்தது. பைசாந்துவில் சக்கையைக் குப்பையில் போடுகிற வீடு கிடையாது, செடிக்குத்தான். வாஷிங்டன் பாய்ந்து வந்தார்.

"இதுதான். சக்கை அழுகி வேரச் சுட்டிருக்கு."

"ஆறு தொட்டியிலும் சக்கை இருக்கு. மஞ்சள் மூணுலதான்."

இர்மா விரலால் சக்கையைக் கிளறினார். சுவரோரத்துத் தொட்டிகளில் இலையும் குச்சியும் மட்டும். படிக்கட்டுப் பக்கத்து மூன்றில் இலையோடு சுருண்ட தோல் துணுக்குகள். அடியில் மண்ணைத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வட்டமாக யாரோ சிறு முள்கரண்டியால் கிளறியிருந்தார்கள். அந்த வட்டத்தில் மண் சாம்பல் நிறமாக இருந்தது. இர்மா சக்கையால் அதை மறுபடி மூடினார்.

"அடுப்புச் சாம்பலை யார் அள்ளுவாங்க?" என்று கேட்டார்.

"தாரியோதான். திங்கட்கிழமை காலையில வந்து அள்ளி, அவர் தோட்டத்துக் கீரைக்குக் கொண்டு போவாரு. கறி சுட்டதுக்கு அதுதான் கூலின்னு சிரிப்பாரு," என்றாள் சுல்மா. பத்து வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் கழித்துக்கட்ட அவளுக்கும் வலித்தது.

இர்மா சுவரருகே போய் எட்டிப் பார்த்தார். கீழே தாரியோ தன் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது, வட்ட முகம். சுவருக்கு அந்தப் பக்கம், அவர் மாடியில், சாம்பல் அள்ளும் தகர வாளி இருந்தது. வாளியின் வாய்க்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது.

"மாத்தே குடிக்க மேல வாங்களேன்," என்று இர்மா கூப்பிட்டார்.

"வர்றேன், ஆனா மாத்தே வேண்டாம். வயித்துப்புண். டாக்டர் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு."

"மாத்தே குடிக்காத மனுஷன்," என்று வாஷிங்டன் இர்மாவின் காதில் சொன்னார். "இதுக்கே உள்ள போடலாம்."

சுல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இர்மா அவளிடம் இரண்டு கண்ணாடித் தம்ளரும் வினிகரும் கேட்டார். அவள் கொண்டு வருவதற்குள் தாரியோ தன் மாடி ஏறி, சுவரைத் தாண்டி வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். ஹெபெர் அவரைப் பார்க்கவேயில்லை. வழக்கமாக அவர் வந்தால் அவன்தான் முதலில் ஓடுவான்.

"எல்லாரும் இருக்கோம். சொல்லிடறேன்," என்றார் இர்மா. தரையில் தம்ளர்களை வைத்து, ஒன்றில் சுவரோரத் தொட்டி மண்ணும் மற்றதில் படிக்கட்டுப் பக்கத் தொட்டி மண்ணும் ஒவ்வொரு கரண்டி போட்டார். "சுல்மா, செடிக்குப் பசின்னா அது அடி இலையிலதான் தெரியும். செடி நம்ம மாதிரிதான், பழைய சேமிப்பை உருவிப் புதுக் குழந்தைக்குக் குடுக்கும். உன் செடியில அடி இலை பச்சை, உச்சிதான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. அப்போ பசியில்ல. விஷமும் இல்ல. களைக்கொல்லி பட்டிருந்தா இலை கருகிச் சுருண்டிருக்கும், செடி இந்நேரம் போயிருக்கும்."

"அப்புறம் என்னதான்?"

"இரும்புச் சத்து மண்ணுல இருக்கு, வேரால எடுக்க முடியல. இரும்பை ஒரு தடவை இலையில வெச்சா செடியால அதை எடுத்து வேற இலைக்குக் குடுக்க முடியாது. அதான் புது இலை மட்டும் வெளுக்குது. வேர் ஏன் எடுக்க மாட்டேங்குதுன்னா, இதுக்குத்தான்."

இரண்டு தம்ளரிலும் வினிகர் ஊற்றினார். முதல் தம்ளரில் மண் நனைந்து கரைந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் புஸ்ஸென்று நுரை கிளம்பி விளிம்புவரை ஏறியது. வாஷிங்டன் ஒரு அடி பின்வாங்கினார்.

"விறகுச் சாம்பல்," என்றார் இர்மா. "சுண்ணாம்பு போட்ட மாதிரிதான். வாராவாரம், ஆறேழு வாரமாப் போட்டிருக்கு. கீரைப்பாத்தியில போட்டா நம்ம ஊர்ப் புளிச்ச மண்ணுக்கு நல்லது, நிலம் தாங்கும். தொட்டியில இத்தனூண்டு மண்ணு, அது எங்க போகும். வேருக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு."

சுல்மா தாரியோவை நோக்கித் திரும்பினாள். "சாம்பல் அள்ளறது நீங்கதான்."

தாரியோ தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆமா. நான்தான் போட்டேன். நல்லதுன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோ சுல்மா."

"பாத்தீங்களா," என்றார் வாஷிங்டன்.

"நீங்க போடல," என்றார் இர்மா.

"நான்தான்னு சொல்றேனே."

"உங்க வாளியில சிலந்தி குடியேறி எத்தனையோ நாளாச்சு. அடுப்பு சுத்தமா இருக்கு, வாளி காலி. சாம்பல் உங்க கைக்கே வரல. அப்புறம் இன்னொண்ணு. போட்டவர் அதை மாத்தே சக்கையால மூடி மறைச்சிருக்கார், ஒவ்வொரு தடவையும். உங்க வீட்டுல சக்கை ஏது?" சற்று நிறுத்தினார். "விரோதி மண்ணைக் கிளறிவிட மாட்டான், சுல்மா. தண்டுல படாம நாலு விரல் தள்ளி, வட்டமா, அவ்வளவு பக்குவமாப் போட்டிருக்கு. ஆறுல எது நல்லா வளருதோ அதைப் பாத்துப் போட்டிருக்கு. இந்தச் செடி நல்லா வரணும்னு உன்னைவிட ஆசைப்பட்ட ஒருத்தர் செஞ்சது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மூன்று தொட்டியிலும் கிடந்த தோல் துணுக்குகளை அவர் பார்த்தது போலவே வாஷிங்டனும் பார்த்திருந்தார். அது யார் குடுக்கையிலிருந்து வந்தது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்தார். இர்மா அவர் காலை மிதித்தார்.

ஹெபெர் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தான்.

"நான்தான்கா."

சுல்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் பார்த்தாள், தீக்காயத்தை. "அடுப்புல கைய விட்டியா?"

"திங்கட்கிழமை காலையில, நீ கீழ தைக்க உக்காந்தப்புறம். ராத்திரி பூரா ஆறின சாம்பல். தொட்டுப் பாத்துட்டுத்தான் அள்ளுவேன்."

"தனியா மேல வந்தியா. மேல வந்து விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. விழலையே." அவன் பேச்சை நிறுத்தவில்லை. "நீ காலையில தண்ணி ஊத்தற, பூ அறுக்கற, எண்ணெய் எடுக்கற, ஸ்பூன்ல ஊத்தி வாயில விடற. நான் வாயத் திறக்கறேன். அதுதான்கா என் வேலை. நான் குடிக்கற மருந்துக்கு நான் ஒரு கை போடக்கூடாதா? சாம்பல் போட்டா எல்லாம் செழிக்கும்னு தாரியோண்ணன் ஒரு நாள் சொன்னாரு. ஆறுக்கும் பத்தாது, அதனால பெரிசு மூணுக்குப் போட்டேன். மஞ்சளானதும் பயந்துட்டேன். சத்து பத்தலையோன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

கீழே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று சுல்மா தாரியோவிடம் கேட்டாள்.

"ஜனவரியிலேயே பாத்துட்டேன். சொல்லாதீங்கன்னான். சொன்னா நீ அவன மாடிக்கே விட மாட்டே. அப்புறம் அவனுக்குன்னு என்ன இருக்கு?" தாரியோ முகத்தைத் துடைத்தார். "சாம்பல்தான் கெடுக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. என்னடா இப்படி ஆகுதேன்னுதான் திங்கட்கிழமை குனிஞ்சு பாத்தேன். நீ வந்துட்டே."

"நாளைக்கு உங்களப் போலீஸ்ல சொல்லப் போறேன்னு தெருவுக்கே தெரியும். அப்பவும் வாயத் திறக்கல."

"நாளைக்குத்தானே. இன்னிக்கு வரைக்கும் நான் யோக்கியன்தான்."

சுல்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தாரியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்கு வெக்கமா இருக்கு. நிஜமாவே வெக்கமா இருக்கு," என்றாள். தாரியோ அவளைவிட அதிகமாகக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குள் இர்மா மேல்மண்ணைச் சுரண்டத் தொடங்கியிருந்தார். "செடி போகல. பழைய மஞ்சள் இலை பச்சையாகாது, அதைப் பாத்துப் பயப்படாதீங்க. சாம்பல் மண்ணை வழிச்சுக் கொட்டிட்டு, மழைத்தண்ணியில கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, தொட்டி அடியில வழியற வரைக்கும் ஊத்தணும். வழியற தண்ணிய இந்தப் புளிப்பு பாக்கற காகிதத்துல தொட்டு நிறத்தைப் பாத்து எழுதணும். தினமும், வெயில் ஏறறதுக்கு முன்ன. இலையில தெளிக்க இரும்புக் கரைசல் நான் குடுத்தனுப்பறேன். புது இலை ஒரு பத்து நாள்ல பச்சையா வரும். இந்த மூணுல பூ கொஞ்சம் குறையும். ஆனா மருந்து நிக்காது."

சொல்லிவிட்டு நிமிர்ந்து சுல்மாவைப் பார்த்தார். "தினமும் காலையில ஒரு மணி நேரம் ஆகும். உனக்கு இப்ப மூச்சு விட நேரமில்ல. யார் பாப்பா?"

சுல்மா தம்பியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"ஹெபெர் பாத்துக்குவான்," என்றாள். சொன்ன கையோடு, மனசு மாறிவிடுமோ என்று பயந்தவள் போல விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் இர்மாவும் வாஷிங்டனும் இரும்புக் கரைசலின் இரண்டாவது பாட்டிலோடு வந்தார்கள். ஹெபெர் மாடியில் தனியாக இருந்தான். நோட்டில் பதினோரு நாளும் எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் காகிதத் துண்டையே ஒட்டி வைத்திருந்தான். மூன்று செடியின் உச்சியிலும் விரல் நுனி அளவுக்குப் புது இலை, நல்ல பச்சை. இர்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரிசோதனைக் கூடத்துல நாலு பேர் வேலை பாத்தோம். ஒருத்தன்கூட இப்படி எழுதினதில்ல," என்றார். ஹெபெருக்குக் காது சிவந்தது.

"அக்கா மேல வர்றதில்லையா?" என்று வாஷிங்டன் கேட்டார்.

"ஒரு நாளும் வரல. நீயே பாருன்னுட்டா."

"பரவாயில்லையே. பயம் விட்டுப்போச்சு."

"எங்க போச்சு," என்றான் ஹெபெர். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தையல் மிஷின நிறுத்திட்டுக் காது குடுக்கறா. மேல சத்தம் இல்லேன்னா திரும்ப ஓட்ட மாட்டா. ஒரு அங்கி தைக்க அரை நாள் ஆகுது."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஹெபெர் பூவாளியை எடுத்து அடுத்த தொட்டிக்கு நகர்ந்து, உதட்டைக் குவித்துச் சத்தமாகச் சீழ்க்கை அடித்தான். கொஞ்ச நேரத்தில் கீழே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.